பூநாரை பார்க்கப் போனது

தீபாவளிக்குக் கம்பெனி ஒன்பது நாள் லீவு.
சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது.
கொடைக்கானல் என்றான் தருண்.
கூட்டமாக இருக்கும் என்றேன்.
உண்மையில், ரேட்.

மௌனிகாதான் செல்போனில் காட்டினாள்:
கோடியக்கரைச் சேற்றில்
ஆயிரம் ஒற்றைக்கால்.
எங்கள் கட்டிங் டேபிளில் அந்த நிறத்துக்கு பேபி பிங்க் என்று பெயர்.
போன வருஷம் ஜெர்மனிக்கு
நாற்பதாயிரம் பீஸ் வெட்டியிருக்கிறேன்.
அது பறக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

திருத்துறைப்பூண்டியில் பிடித்தது மழை.
வாடகைக் காரில் ஒரு வைப்பர் செத்திருந்தது,
என் பக்கத்து வைப்பர்.
வேதாரண்யம் வரை
சாந்தாமணி பார்த்துச் சொல்லச் சொல்ல ஓட்டினேன்:
மாடு. லாரி. இது ரோடு இல்லீங்க, வாய்க்கால்.

லாட்ஜில் மூன்றாவது மாடி.
புயல் சின்னமாம் என்றார் மேனேஜர்,
எத்தனை டீ என்று கேட்கும் அதே குரலில்.

மறுநாள் காட்டு கேட்டில் சங்கிலி.
உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்த காவலர்
கண்ணாடிக்குள் குனிந்தார்.
"ஐப்பசியில வந்துபுட்டு மழையா இருக்குங்குறீங்களே சார்.
தையில வாங்க."
தையில் எங்களுக்கு ஷிப்மெண்ட்.
அதை அவரிடம் எப்படிச் சொல்வது?
"பறவை இருக்குங்களா?" என்றாள் மௌனிகா.
"இருக்கும்மா. அதுவும் எங்கயாச்சும்
நனைஞ்சுக்கிட்டுத்தான் நிக்கும்."

திரும்பும் வழியெல்லாம் உப்பளம்.
உப்புக் குவியலுக்குக்கூடக் கீற்று வேய்ந்திருந்தார்கள்.
பின்சீட்டில் தருண் சொன்னான்:
"ஊட்டியில மழை பேஞ்சா அது சீசன்.
இங்க பேஞ்சா வெறும் மழை."
யாரும் சிரிக்கவில்லை.
நல்ல ஜோக்தான்.

கரண்ட் போனது. செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.
கடைசியில் தருணும் அணைந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
மௌனிகா மட்டும் ஜன்னலில்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பைனாகுலரோடு.
பறவைக் கணக்குக்கு வாங்கிய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்:
குடை முப்பத்தொன்று.
குடை இல்லாதவர் எண்ண முடியவில்லை.
ஏ.டி.எம்முக்குள் ஆடு எட்டு.
அதில் ஒன்று
பின் நம்பரை மறந்ததுபோல் நிற்கிறது.

சாந்தாமணி தூங்கினாள்.
காலை இட்லிக்கு எழுந்தவள் மறுபடி படுத்தாள்.
பத்தொன்பது வருஷ ஓவர்லாக்.
போர்வைக்கு வெளியே வலது பாதம்
அழுந்தியது, விட்டது,
அழுந்தியது, விட்டது.
கட்டில் சட்டத்தில் ஏதோ ஒரு ஆர்டரை
முடித்துக்கொண்டிருந்தது அது.
வீட்டிலும் இப்படித்தானா?
தெரியாது. அவள் தூங்கும் நேரம்
நான் கம்பெனியில் இருப்பேன்.

நாலு மணி வாக்கில் பாதம் நின்றது.
மெயின் சுவிட்சை யாரோ அணைத்ததுபோல.
பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.
சூடு.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து,
பிள்ளைகளுக்குத் தெரியாமல்,
பூநாரைகளுக்கும் தெரியாமல்,
இன்னும் கொஞ்ச நேரம் பெய் என்று கேட்டுக்கொண்டேன்.
கேட்டதற்கு மேலேயே பெய்தது.

இருட்டிய பிறகு ஒருமுறை கண் திறந்தாள்.
"மணி என்னங்க?"
"லீவு."
"மழை விட்டுச்சா?"
"இல்ல."
"செரி" என்று புரண்டு படுத்தாள்.

மூன்றாம் நாள் கணக்கை முடித்துக் கிளம்பினோம்.
மன்னார்குடி, தஞ்சாவூர்,
வழியெங்கும் இளநாற்றின் நுனி மட்டும் தெரியும் தண்ணீர்.
அதில் நின்ற ஒரு ஆள்
எங்கள் காரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கரூர் தாண்டியதும் சுள்ளென்று வெயில்.
"இப்ப அடி" என்று அதைத் திட்டினான் தருண்.
ஜன்னல் கொக்கிகளில் தொங்கிய எங்கள் துணிகள்
காங்கேயத்துக்குள் காய்ந்துவிட்டன.
பைனாகுலர் மட்டும் காயவில்லை.
எப்படிப் புகுந்ததோ,
கண்ணாடிக்கு உள்ளே இரண்டு துளி.
துடைக்க வழியில்லை.
அதோடுதான் பார்க்கிறாள் மௌனிகா,
மொட்டை மாடியிலிருந்து,
எங்கள் தெருக் காக்கைகளை.