தகடு இயக்கம்

ஆறே முக்காலுக்கு ஏணியில் ஏறினேன்.
ஹட்டன் இன்னும் பனிக்குள்.
டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு பஸ்ஸின் ஹோர்ன் மட்டும்
வளைவு வளைவாய் வந்துகொண்டிருந்தது.
கார்மண்ட்ஸ் கூரையில் நாலு பெட்டிகள், முதுகு நனைந்து.
மூன்றாவதற்குள் கொம்பிரசர் உறுமியது.

வெளியே பதின்மூன்று பாகை.
உள்ளே தையல் தளத்தில் இருபத்தேழு:
நூற்றிருபது மெஷின், நூற்றிருபது பேர்,
அயர்ன் மேசைகளின் ஆவி.
தோளுரசிக் குளிர் சும்மா நிற்க
காசுக்குக் குளிர் செய்துகொண்டிருந்தது பெட்டி.

புதுக் கொண்ட்ரோலரைப் பூட்டினேன்.
இரண்டு வோல்ட்டில் மூடு, பத்தில் முழுதாய்த் திற.
எந்நேரமும் திறந்திருக்கப் பதினைந்து சதவீதம்,
அது மனிதர் மூச்சுவிட.

கீழேயிருந்து புவிராஜ், போனில்:
“அண்ணே, ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு காட்டுது.
பனிய உள்ள விட்டா துணி நமத்துப் போகாதா?”
போகாது.
விளிம்புவரை நிறைந்த சிரட்டையை
அண்டாவில் கவிழ்த்தால் அடிதான் நனையும்.
கொழுந்து வாட்டும் மாடியில் மூன்று வருடம்
ஈரக்குமிழையும் உலர்குமிழையும் பார்த்துப் பார்த்து
விசிறி போட்டவன் நான்.
சதவீதத்துக்குப் பயப்படுவதை அங்கேயே விட்டு வந்தேன்.

சோதனை ஒன்று: குளிர் கேள்.
மொட்டர் முனகியது. திரையில் நூறு.
“காத்து கூடிச்சா?”
“இல்லண்ணே. வாய்க்குக் கீழ கட்டின நூல் அசையவே இல்ல.”
மறுபடி. முனகல். நூறு. நூல் அப்படியே.

மறைப்பைக் கழற்றி டோர்ச் அடித்தேன்.
மொட்டரின் தண்டு சுற்றுகிறது.
தகட்டின் தண்டு தன்பாட்டில் நிற்கிறது.
இரண்டையும் பிடிக்க வேண்டிய கிளாம்பில்
திருகுகள் இறுக்கப்படவே இல்லை.

பெட்டிக் கதவின் உட்புறம், பிளாஸ்டிக் உறைக்குள்,
பழைய ரிப்போர்ட்.
தகடு இயக்கம்: சரி.
இரண்டு வருடத்துக்கு முந்திய ஜூன், அடைமழை மாதம்.
கையெழுத்து என்னுடையது.

ஞாபகம் இருக்கிறது.
குடையை ஒரு கையில் பிடித்தபடி
ஏணியின் பாதியில் நின்று முனகலைக் கேட்டேன்.
கேட்டதற்கு ‘சரி’ போட்டேன்.

பத்தாம் நம்பர் ஸ்பானர்.
இறுக்கினேன். மணிக்கட்டு நோக இன்னொரு கால் சுற்று.
குளிர் கேள்.
ஐந்து தகடும் ஒன்றாய்ச் சரிந்து திறந்தன.
பனி என் காதைத் தாண்டி உள்ளே போனது.
கொம்பிரசர் நின்றது.
அது நின்ற பிறகுதான் தெரிந்தது,
அந்த பஸ் இன்னும் வந்துசேரவில்லை.

சோதனை இரண்டு: வெயில்.
மாசிக் காலையில் வெயிலுக்கு எங்கே போக?
பிளாஸ்க் மூடியில் பிளேன்டீ ஊற்றி
சென்சருக்கு அடியில் பிடித்தேன்.
பதினாறு. இருபத்தொன்று. முப்பது.
கொழும்பே மலையேறி வந்துவிட்டதென்று நம்பி
அவசரமாய் மூடிக்கொண்டது, பதினைந்தை மட்டும் மிச்சம் விட்டு.
தேநீரை நான் குடித்தேன்.
கொழும்பு இறங்கிப் போனது. தகடு திறந்தது.

ஏழாம் லைன் ஞானசௌந்தரி
புவிராஜைக் கூப்பிட்டு மேலே காட்டினாளாம்:
“உச்சந்தலையில ஐஸ் கொட்டுது.
ஸ்வெட்டரப் போட்டா தைக்க ஏலாது, கை தட்டும்.”
இரண்டு வருடமாய் மத்தியானத்தில் தலையிடியென்று
மாத்திரை வாங்கப் போனவளும் இவள்தானாம்.
புவிராஜ் சொல்லிச் சிரித்தான்.
நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

கலவைக் காற்றின் கீழ் எல்லையைப் பதினாறுக்கு ஏற்றினேன்.
தகடு மெல்லச் சாய்ந்தது.
“இப்ப?”
“நூல் ஆடுது. அவ ஒண்ணும் சொல்லல்ல. தைக்கிறா.”

புது ரிப்போர்ட்டை எடுத்தேன்.
பழையதைக் கிழிக்கவில்லை, பின்னால் வைத்தேன்.
தகடு இயக்கம்: கண்ணால் பார்த்தேன்
என்று எழுதினேன். கட்டம் போதவில்லை.

மற்ற மூன்று உறைக்குள்ளும் அதே ஜூன்தான் இருக்கும்.
ஸ்பானரைப் பையில் போடாமல்
கையிலேயே எடுத்துக்கொண்டு நடந்தேன்.