ஒரு லேனில் ஒருவர்

அம்பகாமத்தில் பத்தரைக்குத் தேநீர்.
முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தால்
உள்பக்கம் முழுக்க என் மூச்சு.
கொட்டிலுக்குள் மட்டும்தான் போனுக்கு அனுமதி.
சிக்னல் ஒரு கோடு,
பாலைமரப் பக்கம் நீட்டிப் பிடித்தால் இரண்டு.

பிரதாயினி மச்சாள் பேர்கனிலிருந்து கேட்டிருக்கிறாள்:
“யூலையில வாறாய்தானே, குதிக்கிறதுக்குக் காசு கட்டப்போறன்.
ஆளோட சேர்த்துக் கட்டிக் குதிக்கிறதோ,
தனியப் பழகிக் குதிக்கிறதோ?
இண்டைக்கே சொல்லு.”

சேர்ந்து குதிப்பதென்றால் அரை மணி நேர விளக்கம்.
நாலு கொளுக்கி. என் முதுகோடு ஒட்டி ஒரு வெள்ளைக்காரன்.
கயிறு இழுப்பது அவன்.
காலை மடக்கி, வாயைத் திறந்து கத்துவது மட்டும் என் வேலை.
தனியே என்றால் இரண்டு நாள் வகுப்பு,
எழுத்துப் பரீட்சை,
வாங்கில் குப்புறக் கிடந்து வில்லாக வளைந்து பழகுவது,
முதல் பரசூட் சிக்கினால் என்ன செய்வது,
இரண்டாவதும் சிக்கினால் என்ன செய்வது
(இதற்கு மட்டும் அவள் அனுப்பிய தாளில் பதில் இல்லை).

யசோவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.
“கட்டிக்கொண்டு குதியடி. காசும் குறைவு.
செத்தாலும் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும்.”

நான் தனியே என்றுதான் அடிக்கத் தொடங்கினேன்.
வீரம் என்று நினைக்க வேண்டாம். பழக்கம்.
ஐந்து வருடமாக எனக்கென்று ஒரு மீற்றர் அகலம்,
இரு பக்கமும் சிவப்புத் தலைக் கட்டைகள்,
முழங்கால் பதித்து, விரலளவு விரலளவாக நிலம்.
ஒரு லேனில் ஒருவர்.
அடுத்தவர் இருபத்தைந்து மீற்றர் தள்ளி.
வெடித்தால் ஒருவரோடு போகட்டும் என்று
பயிற்சியில் யாரும் பச்சையாகச் சொல்லவில்லை.
அளவு நாடாவைக் கையில் தந்தார்கள்.

‘மரணம் உட்பட’ என்ற சொற்களுக்குக் கீழே
கையெழுத்து வைத்துத்தான் இந்த வேலைக்கும் வந்தேன்.
அந்தப் படிவம் என்னைப் பயப்படுத்தாது.

ஆனால் ஒன்பது வயதில் ஒருமுறை
என்னைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.
அம்மாவின் நைலெக்ஸ் சேலை, அப்பாவின் முதுகு,
கழுத்துவரை உப்புத் தண்ணீர்.
மேலே பார்க்காதே என்றிருந்தார்.
அதனால் அவர் பிடரியிலிருந்த மச்சத்தையே
பார்த்துக்கொண்டு வந்தேன்.
கரையில் யாரோ கத்தி கொண்டுவந்து முடிச்சை அறுத்தார்கள்.
அவருடைய கைகள் அதற்கு உதவவில்லை.
முடிச்சு நல்ல முடிச்சு.

தேநீரில் ஆடை கட்டிவிட்டது.
விசிலுக்கு இன்னும் ஐந்து நிமிடம்.
அடித்திருந்த ‘தனிய’வை அழித்துவிட்டு
வேறொன்று கேட்டேன்:
“சேர்ந்து குதிச்சால், நிலத்துக்கு வந்தாப்பிறகு
கொளுக்கியை ஆர் கழட்டுறது?”

மூன்று புள்ளிகள் எழுந்தன, மறைந்தன, எழுந்தன.
“அவர்தான். இறங்கினவுடன முதல் வேலை அதுதான்.
முதுகுக்குப் பின்னால டிக், டிக்கெண்டு நாலு சத்தம் கேக்கும்.
பிறகு தோளில தட்டுவார்.
ஏன்?”

ஏன் என்பதற்கு நான் பதில் போடவில்லை.
நாலு சத்தம்.
அதைக் கேட்பதற்கு
மூவாயிரம் மீற்றர் விழலாம் என்று பட்டது.
“சேர்த்தே கட்டு” என்று அனுப்பினேன்.
போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது.
பாலைமரப் பக்கம் கையை நீட்டினேன்.
போனது.

விசில்.
லேனுக்குத் திரும்பும் வழியில், துப்புரவாக்கி முடித்த பக்கத்தில்,
ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்
குப்புறப் படுத்தேன். நெஞ்சைத் தூக்கி, காலைத் தூக்கி,
எப்படியிருக்கும் என்று சும்மா வளைந்து பார்த்தேன்.
கச்சான் காற்று
வயிற்றுக்குக் கீழே மண்ணை வாரிக்கொண்டு போனது.

இருபத்தைந்து மீற்றருக்கு அப்பாலிருந்து யசோ கத்தினாள்:
“என்னடி, பாம்போ?”