எழுதாத சொல்

மதியம் ஒன்றேகால்.
டாக்டர் ப்ரித்தர்ச் கையுறையைக் கழற்றிவிட்டு
சூப் வாங்கப் போயிருக்கிறார்.
வரவேற்பு மேசைக்கடியில் செருப்பை உதறிவிட்டு
காதில் குரல்களை மாட்டிக்கொள்கிறேன்.

வேலை எளிது.
திரையில் ஒரு வாக்கியம் வரும்,
யாரோ அதை வாசிப்பார்கள்.
எழுதியிருப்பதும் சொன்னதும் ஒன்றுதானா?
ஆம். இல்லை. அடுத்தது.
கூலி கிடையாது, பெயர் கிடையாது.
வெல்ஷில் சொன்னால்
விளக்கைக்கூடப் போடத் தெரியாத இயந்திரங்களுக்கு
வாய் வாயாக ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

இருமல் உண்டு, லாரி உண்டு,
பாதியில் சிரித்துவிட்ட பள்ளிக்கூடப் பெண் உண்டு.
வாசித்து அலுத்த ஒருத்தி
"அரசி நள்ளிரவில் இறந்தாள்" என்பதை
காய்கறிக் கணக்கு மாதிரி ஒப்பிக்கிறாள்.
ஆம்.

பிறகு அந்த ஆள்.
எப்போதும் அவர் பின்னால் மழை.
தகரத்தில் விழும் மழை;
கொட்டகையோ, மாட்டுத் தொழுவமோ.
"இன்று வெயில் கொளுத்துகிறது" என்று
அதற்குள்ளிருந்து வாசிக்கிறார்.
ஆம் அழுத்தினேன்.
உண்மையா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

டொல்கெத்லை என்கிற எங்கள் ஊர்ப் பெயரில்
ஓர் எழுத்து இருக்கிறது.
'ல'வுக்கு வைத்த நாக்கை எடுக்காமல்
பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும்.
வெளியூர்க்காரர்கள் அதற்கு முன்
துப்பப்போகிறவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.
அவர் வாயில் அது
சுட்ட கல்லில் விழுந்த ஒரு சொட்டு.

மார்ச்சில் ஒருநாள், வாக்கியம் இது:
"படகு ஆறு மணிக்குக் கிளம்பும்."
வாசித்துவிட்டார். நிறுத்த மறந்துவிட்டார்.
கதவுச் சத்தம். ஒரு சின்னப் பையன்:
"யாரோட பேசறே?"
மழை.
"தெரியல. யாரோ ஒருத்தர். கேக்கறவங்க."

மூன்று முறை கேட்டேன்.
விதியில் சந்தேகமே இல்லை:
எழுதாத சொல் ஒன்று கூடினாலும் தள்ளிவிட வேண்டும்.
படகோடு நின்றிருந்தால் எடுத்திருப்பேன்.
ஆண்டு முழுக்க அவர் எனக்கென்று சொன்னது
அது ஒன்றுதான்.
இல்லை அழுத்தினேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை, நாலு மணி.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட ஒருவர்
தாடையைப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார்.
தோளெல்லாம் ஈரம்.
அன்று எல்லோர் தோளும் ஈரம்தான்.
கோப்பில் இட்வல் என்று இருந்தது. முகவரியும் இருந்தது.
இருந்தும்,
"எந்த ஊர்?" என்று கேட்டேன்.

மரத்த உதட்டோடு முயன்றார்.
லான்ரூஸ்ட்டாக இருக்கலாம்.
காற்று வரவில்லை, எச்சில் வந்தது.
கூச்சத்தோடு பஞ்சைக் கடித்துக்கொண்டார்.

ரெண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றேன்,
எல்லோருக்கும் சொல்வதுதான்.
சூடாக எதுவும் குடிக்காதீர்கள்.
இன்றைக்கு அதிகம் பேசவும் வேண்டாம்.
இதை நான் எல்லோருக்கும் சொல்வதில்லை.

கண்ணாடிக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில்
ஒரு பையன் தேங்கிய தண்ணீரை
உதைத்துக்கொண்டிருந்தான்.
பையன்கள் எல்லா நிறுத்தத்திலும் நிற்பார்கள்.

அன்றிரவு சமையலறையில் உட்கார்ந்து
நாற்பது வாக்கியம் கேட்டேன்.
ஒன்றிலும் மழை இல்லை.
ஆம்.
ஆம்.
இல்லை.
ஆம்.