மூன்று மணி இருபது

மணிக்கணக்கில் கூலி வாங்குபவள் நான்.
மருந்துக்கும் பரிசோதனைப் பெட்டிக்கும்
அனுமதி கேட்பவர்கள் கூப்பிட்டால் போவேன்.
அவர்கள் எழுதியதை வாசித்து
எழுதாததைக் கேட்பேன்.
அவ்வளவுதான் தொழில்.

இரவு ரெயில் சீனக்குடாவைத் தாண்டும்போதே
கதவருகில் உப்புக் காற்று.
மா ஆலையின் உச்சியில் ஒற்றைச் சிவப்பு விளக்கு.
ஸ்டேஷனில் வாமதேவன் நின்றார்,
ஹெல்மெட்டை முழங்கையில் கோத்தபடி.
"முதலில் பிளேன்டீ. பிறகு நுண்ணுயிர்."

உப்புவெளியில், மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையின் பின்கட்டில்
அவருடைய கொம்பனி. வேலைக்கு ஆறு பேர்.
ஆலோசகர்கள் மட்டும் நாலு பேர்:
காப்புரிமைக்குக் கொழும்பில் ஒரு வக்கீல்,
புள்ளிவிபரத்துக்குப் பேராதனையில் ஒருவர்,
முதலீட்டுக்கு, தொலைபேசியில் மட்டும் உயிர்வாழும் ஒருவர்,
பிறகு நான்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
உலகம் கொதிக்கும் ஊற்றுகளில் தேடியதை
இவர்கள் சனம் குளிக்கிற வெந்நீரில் தேடினார்கள்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு அது.
அந்தச் சூட்டில் சுறுசுறுப்பாகும் ஒரு நொதியம்.
அதை வைத்து டெங்குவுக்கு ஒரு பரிசோதனை:
கரன்ட் வேண்டாம், இயந்திரம் வேண்டாம்,
சின்னக் குழாயை இருபது நிமிடம்
கக்கத்தில் இடுக்கினால் போதும் என்று
வாமதேவன் கையைத் தூக்கிக் காட்டினார்.
சட்டையில் ஒரு வியர்வை வட்டம்.
சிரித்தேன்.
கோப்பு சிரிக்கவில்லை.

பக்கம் நூற்றுப் பதினேழு.
உறைபெட்டியின் வெப்பப் பதிவு.
மைனஸ் எண்பது, மைனஸ் எண்பது,
மைனஸ் எழுபத்தொன்பது,
பிறகு ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லை,
பிறகு மைனஸ் எழுபத்தாறு.

"மின்வெட்டு. டீசலுக்கு வரிசை நின்ற வருஷம்.
மூன்று மணி இருபது நிமிடம்தானே.
ரெண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தால் என்ன?
பேராதனைக்காரர் சரி என்பார்."
"கேட்டீர்களா?"
"இல்லை."

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வரும் நஸ்மிலா,
பெட்டியின் சாவி அவளிடம்தான்.
அன்றிரவு யாரும் கதவைத் திறந்துவிடாமல்
அதன் முன்னால் பாய் விரித்துப் படுத்தவள்.
"கோடு இழுக்க எனக்கும் தெரியும் மிஸ்.
ஆனா நான் அங்கதான் இருந்த.
மானி செத்துப்போய் இருட்டா இருந்திச்சு.
எனக்கு ஒண்டும் தெரியல்ல."

அப்படியானால் அதையே எழுதுங்கள் என்றேன்.
அந்தக் குழாய்களை ஒதுக்குங்கள்.
திரும்ப எடுத்து, திரும்ப வளர்த்து, திரும்பப் பாருங்கள்.
ஆறு மாதம்.

ஆறு மாதம் என்றதும்
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
வாமதேவன் தொலைபேசியை எடுத்தார்,
முதலீட்டுக்காரரின் பெயர் வரைக்கும் போனார்,
கவிழ்த்து வைத்தார்.

நஸ்மிலா பேனா மூடியைக் கழற்றினாள்.
"தெரியாது எண்டு போடவா,
அளக்கப்படவில்லை எண்டு போடவா?"
ரெண்டும் வேறு என்றேன்.
"ஓம், வேறதான்.
சுனாமிப் படிவத்தில தம்பிட பேருக்கு நேரே
ஜீஎஸ் தெரியாது எண்டுதான் எழுதின.
உம்மா அந்தத் தாளை இன்னும் மாத்த விடல்ல."
சொல்லிக்கொண்டே எழுதினாள்.
அளக்கப்படவில்லை. மின்வெட்டு. கதவு திறக்கப்படவில்லை.
கையெழுத்து, திகதி,
நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு.

பின்னேரம் வாமதேவன் கன்னியாவுக்குக் கூட்டிப்போனார்.
வழியெல்லாம் கதைக்கவில்லை.
அனுராதபுர பஸ்ஸில் வந்த கூட்டம்
தலையில் ஊற்றிக்கொண்டு கூச்சல் போட்டது.
ஒரு பையன் ஏழையும் தொட்டுப் பார்த்து,
ஏழாவதில் கையைச் சட்டென்று உதறினான்.
எனக்கென்று ஒரு வாளி இரவல் வாங்கி
அவரே இறைத்துத் தந்தார்.
இதமாகத்தான் இருந்தது, ஒன்றும் சொல்வதற்கில்லை.

"மாதிரி எடுத்தது இதிலிருந்துதான்," என்றார்,
கொஞ்சம் பெருமை திரும்பியிருந்தது.
"மூன்றாம் கிணறு. கோப்பிலும் அப்படித்தான்."

நான் வாசலைப் பார்த்தேன்,
எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.
எந்தப் பக்கமிருந்து எண்ணி, என்று கேட்டேன்.

வாளியைக் கீழே வைத்தார்.
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்து
நஸ்மிலாவுக்கு எடுத்தார்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.