ஐந்தின் வாய்

தலைமை அலுவலகம் அனுப்பிய தாள்
முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.
கட்டைப் பிரித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமை.
படகு நேரப் பட்டியலுக்கு
இவ்வளவு பகட்டை சிலோயே தீவில்
எவரும் கண்டதில்லை.

சந்தியாகோவில் மழை ஒரு செய்தி.
இங்கே அது நாலாவது சுவர்.
தாள் வாங்கியவருக்கு அது தெரியாது.
எனக்குத் தெரியும்,
தெரிந்தும் அச்சடித்தேன்.

கறுப்பு மை தீர்ந்திருந்தது.
வண்ணக் குப்பியில் நீலம் மட்டும் மிச்சம்.
நீலம் என்ன, எழுத்து எழுத்துதானே என்று
பொத்தானை அழுத்தினேன்.
வழவழப்பின் மேல் வந்து உட்கார்ந்த மை
உள்ளே போக வாசல் தேடியது.
வாசல் இல்லை.
நான் வாயால் ஊதினேன்,
காய்ந்துவிட்டது என்று நம்பினேன்,
துறைப் பலகையில் நாலு முனையிலும் ஊசி குத்தினேன்.

செவ்வாய்க்கிழமை.
கடைசிப் படகு போய் நாற்பது நிமிடம் கழித்து
கால்நடை மருத்துவர் யெசேனியா நவெல்கின் வந்தாள்.
ரப்பர் பூட்ஸ், தோளில் பெட்டி,
அவசரமே இல்லாத நடை.
எதிர்த்தீவில் உர்பானோவின் பசு
காலையிலிருந்து முக்குகிறதாம், கன்று குறுக்கே.
"ஆறரைக்குத்தானே படகு, ஒதிலியா?
மத்தியானம் பார்த்தேனே."

ஐந்தரை என்று சொல்ல வாய் திறந்து
வெளியே ஓடினேன்.
பலகையில் ஐந்தரை இல்லை.
ஐந்தின் திறந்த வாயை
நீலம் கசிந்து கசிந்து அடைத்து
ஆறாக்கி வைத்திருந்தது.
நீர்மேல் எழுத்து என்பார்கள்.
இது எழுத்தின் மேல் நீர்.

அவள் திட்டவில்லை.
கட்டைவிரலைத் தாளில் வைத்து
ஒரு இழுப்பு இழுத்தாள்.
வியாழன், வெள்ளி, சனி
மூன்று நாளும் ஒரே கோடாயின.
விரலை எனக்குக் காட்டினாள்.
நீலம்.

பிறகு என் அலுவலக வானொலியில்
ஒன்பது மணிவரை உர்பானோவின் கைகளுக்கு
வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.
இன்னும் உள்ளே.
அது முழங்கால் இல்லை, கணுக்கால்.
தள்ளு, இழுக்காதே.
இரைச்சல்.
இப்போது இழு.
நான் வெந்நீர் வைத்தேன்,
யாருக்கென்று தெரியாமல்.

கன்று எழுந்து நின்றுவிட்டது.
தாய் எழவில்லை.

அவள் பெஞ்சில் படுத்துத் தூங்கிய இரவில்
கைக்கு அகப்பட்டதிலெல்லாம்
ஐந்து என்று அச்சடித்து
கூரை ஒழுகும் இடத்தில் வரிசையாக வைத்தேன்.
பளபளப்புத் தாளில் ஐந்து நீந்திப் போயிற்று.
நகல் எடுக்கும் தாளில்
ஓரம் மட்டும் முள்முள்ளாய்ப் பூத்தது.
ரொட்டிக்கடைப் பழுப்புப் பை
மையை அடிவயிறுவரை குடித்தது:
தடித்த ஐந்து, அசிங்கமான ஐந்து,
ஆனாலும் ஐந்து.
மாவு மூட்டைத் துண்டு
பொறியின் தொண்டையில் சிக்கியது.

விடியலில் படகோட்டி எராக்லியோ வந்து
தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
காதிலிருந்து பென்சிலை உருவி
பலகையின் ஈர மரத்திலேயே எழுதினான்:
5.30.
மழை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

இப்போது நகராட்சிக் கட்டிடத்தில்
லேசரில் அடித்து வாங்கி வருகிறேன்.
அங்கே மை இல்லை, கரித்தூள்.
சூட்டில் உருகித் தாளின் நாரைப் பிடித்துக்கொள்கிறது.
காபி கொட்டினாலும் கலங்காது.
மடித்தால் மட்டும்
மடிப்பில் கொஞ்சம் உதிரும்.

மினுங்கும் தாளில் இன்னும் ஒன்றரைக் கட்டு இருக்கிறது.
திருப்பி அனுப்ப மனு எழுதினேன்.
பதில் அதே தாளில் வந்தது,
முத்திரை என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

பழைய பட்டியலை நான் தூக்கி எறியவில்லை.
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
எண்கள் போய்விட்டன, கிழமைகள் போய்விட்டன.
அதில் ஒழுங்காகக் காய்ந்தது
யெசேனியாவின் கட்டைவிரல் ரேகை மட்டும்.