மஞ்சளாகவே இரு

டேனரி ரோட்டில் விடிகாலை நாலரைக்கு
நயாஸ் பாய் எனக்காக ஓர் எருமையின் வயிற்றைத்
திறந்து வைத்திருப்பார்.
குடலுக்கு வெளியே, ஈரச் சுவரோரம்,
வெள்ளைத் தையல்நூலாக அவை நெளியும்.
இரண்டு விரலால் எடுத்து ஃபிளாஸ்கில் போடுவார்,
வெதுவெதுப்பான உப்புநீரில்.
"இன்னிக்குப் பதினொண்ணு. காசு வேணாம்மா,
இதுக்கு எவன் காசு வாங்குவான்?"

ஹெப்பாள் மேம்பாலத்தில் ஆட்டோ நின்றபோது
மடியில் ஃபிளாஸ்க் சூடாக இருந்தது.
பக்கத்து பைக்காரர் காபி என்று நினைத்திருப்பார்.

எருமையின் சர்க்கரையைக் குடித்து
இந்தப் புழு தனக்கென்று வேறொன்று செய்துகொள்கிறது:
டிரெஹலோஸ்.
இரண்டு குளுக்கோஸ் கைகோத்து நிற்கும் இனிப்பு,
மனித உடம்பு ஒருநாளும் செய்யாதது.
கடைசிப் படியில் ஒரு நொதி
ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டி எறியும்.
அந்தக் கத்தியைப் பிடித்துவிட்டால் போதும்.
பசியால் அல்ல,
பாதி செய்த இனிப்பு உள்ளே தேங்கித் தேங்கி
அதனாலேயே சாகும்.
நம்மிடம் அந்தக் கத்தியே இல்லை,
ஆகவே நமக்கு வலிக்காது
என்று நிதி கேட்ட விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன்.

பனிக்கட்டி மேல் அரைத்து, சுழற்றி, தெளியவைத்து,
தொண்ணூற்றாறு குழிகள்.
சாயம் ஊற்றினால்
வெட்டுப்பட்ட பாஸ்பேட் பச்சையாகும்.
வெட்டுப்படாவிட்டால் மஞ்சள்.
எட்டு மாதமாகப் பச்சை பார்க்கிறேன்.
லால்பாக் பக்கம் போனால்கூட எரிச்சல் வருகிறது.

நேற்று ஏழாவது வரிசை மஞ்சளாகவே நின்றது.
மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.
பிறகுதான் தெரிந்தது,
மருந்தே சேர்க்காத குழியும் மஞ்சள்.
எல்லாமே மஞ்சள்.
மெக்னீசியம் போட மறந்திருக்கிறேன்.
கத்தி இருந்தும் கைப்பிடி இல்லாமல்
நொதி சும்மா நின்றிருக்கிறது.

கீழே வாசலில் செக்யூரிட்டி சரணப்பா.
யாத்கிரிக்காரர். இடது செருப்பின் வாரை
பிளேடால் அறுத்து அகலமாக்கியிருக்கிறார்.
"ஹுளா சத்துவேன்ரி, மேடம்?"
புழு செத்ததா என்று தினமும் கேட்கிறார்,
மழை வருமா என்று கேட்கிற குரலில்.
அவருக்குள் இருந்தவை எப்போதோ செத்துவிட்டன.
கால்தான் பழையபடி ஆகவில்லை.
என் குழிகளில் எதுவும் அந்தக் காலுக்கு இல்லை.
அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
தெரிந்தும் கேட்கிறார்.

இன்று மெக்னீசியத்தை முதலில் போட்டேன்.
ஒன்று பச்சை. இரண்டு பச்சை.
ஆறு வரைக்கும் அதே லால்பாக்.
ஏழில், மூன்றாம் குழி மட்டும்
எலுமிச்சையின் காம்போரம் மாதிரி.
ஜன்னலில் பிடித்தால் மஞ்சள்,
டியூப்லைட்டில் அவ்வளவு இல்லை.

இன்னும் கருவிக்குள் வைக்கவில்லை.
எண் வந்துவிட்டால் அப்புறம் எண்தான்.
ஒரு நிமிடம் இப்படியே இருக்கட்டும்.

ஃபிளாஸ்கில் மிஞ்சிய இரண்டு
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன,
தங்கள் இனிப்பைச் செய்தபடி.