ஒண்ணும் பண்ணாதுங்க

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறுகிறேன்.
ஆட்களை மீட்டர் எண்ணால் தெரியும்,
நாய்களைப் பெயர் சொல்லித் தெரியும்.
எது சங்கிலியின் நீளம் அறிந்து குரைக்கும்,
எது குரைக்காமல் பின்னால் வரும்,
எதற்கு என் குடைமேல் மட்டும் கோபம்,
இதையெல்லாம் மின்வாரியம் கேட்பதில்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்.
காவேரிப்பட்டணம் சாலைக் கல் வியாபாரி
முனிவெங்கடப்பன் வீட்டு மேஜர்
இரண்டையும் ஒரே மூச்சில் செய்தது.
நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது
வேறு ஏதோ ஊர்ப் பழமொழி.
கிருஷ்ணகிரியில் மலையையே பலகை பலகையாய் அறுத்து
லாரியில் ஏற்றுகிறார்கள்.
சுவர் கல், படி கல்,
நான் விழுந்த வாசலும்
முகம் தெரியும் கறுப்புக் கல்.
எடுத்து எறியத்தான் ஒன்றும் இல்லை.

கெண்டைக்காலில் பல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே
மாடியிலிருந்து குரல் வந்தது:
"ஒண்ணும் பண்ணாதும்மா. நில்லு. ஓடாதே."

பெரியாஸ்பத்திரியில் ஐந்து ஊசி.
காலைக் குழாயடியில் பிடித்து
கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு
நர்ஸ் எஸ்தர் பதிவேட்டைத் திறந்தாள்.
கடித்தது: தெருநாயா, வளர்ப்பு நாயா?
நான் வாய் திறக்கும் முன்பே
வழக்கமான இடத்தில் டிக் விழுந்தது.

நகராட்சிக்கு எழுதிப் போட்டேன்.
பதினோராம் நாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.
உரிமம் வேண்டும், தடுப்பூசிச் சான்று வேண்டும்,
தெருவுக்கு வந்தால் வாய்ப்பூட்டு வேண்டும்.
வாய்ப்பூட்டுச் சட்டம்
மேடையில் பேசுகிறவர்களுக்கு என்றல்லவா
பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்துக்குள்
முனிவெங்கடப்பன் எழுதினார்: நாட்டு நாய்.
கிளார்க் ரகோஜி ராவ்
தடைப் பட்டியலின் ஜெராக்ஸை வெளிச்சத்தில் பிடித்தார்.
எல்லா நாயும் ஒரே கரிப்புகை.
முத்திரை விழுந்தது.
ஒன்றரை லட்சம் கொடுத்துப் பெங்களூரிலிருந்து
ஏசி காரில் வந்த மேஜர்
இருநூறு ரூபாயில் எங்கள் ஊர்க்காரன் ஆனது.
'வளர்ப்பதன் நோக்கம்': காவல்.
எதை, யாரிடமிருந்து என்று கட்டம் இல்லை.
அபராதமும் கட்டினார்.
அந்தக் காசும் குரைக்கவில்லை.

மூன்றாம் ஊசி போட்டுத் திரும்பிய காலை
வலை வண்டி தெருவில் நின்றது.
பதிவேட்டில் தெருநாய் என்று இருக்கிறதே.
பிடித்தது கரியனை.
பால்பூத் முனையிலிருந்து கடைசி மீட்டர் வரை
ஒரு பிஸ்கட் கூடக் கேட்காமல்
என்னோடு நடக்கிறவனை.
"அவன் இல்லைங்க" என்றேன்.
"ஒண்ணும் பண்ண மாட்டோம்மா" என்றார் வலைக்காரர்.

அடுத்த முறை போனபோது
மீட்டர் சுவருக்கு வெளியே வந்திருந்தது,
சின்ன இரும்புக் கூண்டுக்குள், பூட்டோடு.
வாய்ப்பூட்டு தோல் வாசனை போகாமல்
கேட் கொக்கியில் தொங்கியது.
கேட்டுக்கு அடியில் மேஜரின் மூக்கு மட்டும்,
ஈரமாய். மூச்சு என் செருப்பில் பட்டது.
கோபம் வருமென்று நினைத்திருந்தேன், வரவில்லை.
காலுக்குத்தான் ஞாபகம் இருந்தது,
அதுவாக ஓரடி பின்னால் போனது.

பக்கத்தில் கரியன்.
ஆறாம் நாள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்,
இடது காது நுனியில் ஒரு வெட்டோடு.

முனிவெங்கடப்பன் வெளியே வந்தார்,
கார் சாவி விரலில் சுழல.
பிறந்ததிலிருந்து யாரையும் உறுமாத கரியன்
பல்லைக் காட்டினான்.
"ஏம்மா, உன் நாயைப் பிடி!"

என் நாய் இல்லை. அதற்குப் படிவமும் இல்லை.
எண்ணூற்று நாற்பத்தாறு யூனிட் என்று
போனில் ஏற்றி முடித்துவிட்டுச் சொன்னேன்:
"ஒண்ணும் பண்ணாதுங்க. நில்லுங்க. ஓடாதீங்க."

சொன்னபோது என் குரல்
மாடியிலிருந்து வருவது போல் கேட்டது.